மூளை சொன்ன சாட்சி

அலோன் என்ற பர்மியத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்ற அய்யாசாமிக்குப் பொய் சொல்ல வராது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒழுக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சின்னதாக ஒன்றைப் புளுகினாலும் அவருடைய மூக்கு நுனி வியர்த்துவிடும், தொண்டை தானாகச் செருமும். சீட்டாட்டத்தில் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலம் முழுவதும் தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, மனைவியையும் மகனையும், இரண்டு கண்ணிலும் அறுவை செய்து புரை எடுத்த டாக்டரையும் நம்பவைத்துவிட்டார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

இத்தனைக்கும் அவர் வாழ்நாளெல்லாம் பெருமையடித்துக்கொண்டது தன் கண்ணைப் பற்றித்தான். வின்ச் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடிவயிற்றில் கிடக்கும் சரக்கு தெரியாது. மேல்தளத்தில் நிற்கும் ஆள் விரலால் காட்டும் சைகையை நம்பித்தான் தூக்குவதும் இறக்குவதும். மழை அடித்து ஊற்றும்போதுகூட அந்த விரல் மடங்குவது தனக்குத் தெரியும் என்பார். அந்தக் கண்ணிலேயே புரை முற்றி, எதிரே வருவது ஆளா மின்கம்பமா என்று புரியாத நிலை வந்தபோது அவர் நொந்துபோனார். தான் நொந்தது போதாதென்று வீட்டில் இருந்தவர்களையும் நோகடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் நீலாம்பாள் அவர் கையைப் பிடித்தாள்.

நீலாம்பாள் அவர் மனைவி. சந்து முனையில் அடுப்பு வைத்துப் பருப்பு வடை போட்டு விற்கிறவள். பர்மியில் அதற்குப் பயாஜோ என்று பெயர்; அவளுக்கு, மரியாதையாக, டோ நீலா என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஒரே திசையில் நடந்திருக்கிறார்கள். அவர் முன்னால் வேகமாகப் போவார், அவள் பின்னால் வருவாள். கோயிலானாலும் அப்படித்தான், சாவு வீடானாலும் அப்படித்தான். கல்யாணத்தன்று பூசாரி சொன்னார் என்று ஒருமுறை கை பிடித்ததோடு சரி. பகை ஒன்றும் இல்லை, வெறும் கூச்சம். வயதானால் குறையும் என்று பார்த்தால் அது கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

புரை விழுந்த பிறகு வேறு வழியில்லை. கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஸ்ட்ராண்ட் ரோட்டைக் கடக்க அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். சில நாளில் மணிக்கட்டு உள்ளங்கையானது. மாலையில் ஆற்றோரம் காற்று வாங்கப் போவது வழக்கமானது. கண் போனதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அய்யாசாமி எதிர்பார்க்கவில்லை. வெளியே சொல்லவும் இல்லை.

பிறகு அறுவை நடந்தது. முதலில் ஒரு கண், பின்னர் இன்னொன்று. இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று ஜன்னலுக்கு வெளியே வாகை மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையின் கால் நகம்கூடத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து சொல்லப் போனார். அதற்குள் நீலாம்பாள், "தெரியுதா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, அவர் கையைப் பிடித்திருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புகையா இருக்கு" என்றார் அய்யாசாமி.

விரல்கள் திரும்பி வந்தன. மூக்கு வியர்த்தது. அறுவை முடிந்த களைப்பு என்று நினைத்து அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

முதலில் ஒரு வாரம் மட்டும் அப்படியே ஓட்டலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கண் தெரியாதவர் வாழ்க்கையில் வசதிகள் ஏராளம். மீனில் முள் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் வந்து கத்தினால் யாரென்று தெரியாதது போல உட்கார்ந்திருக்கலாம். கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் மகன் பிரேம்நாத் மாலையில் வந்து, செய்தியைப் பர்மியில் படித்துத் தமிழில் பாதியும் பர்மியில் பாதியுமாகச் சொன்னான். அதற்குமுன் அவன் அவரோடு அவ்வளவு பேசியதில்லை.

ஆபத்து தொலைக்காட்சியில் இருந்தது. பந்தாட்டம் ஓடும்போது அய்யாசாமி சுவரைப் பார்ப்பது போல உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒருநாள் கோல் விழுந்து ஊரே கத்தியபோது, "அது ஆஃப்சைடுப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எல்லைக்கோட்டு நடுவர் கொடி தூக்கியது அதற்கப்புறம்தான்.

பிரேம்நாத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அய்யாசாமி தொண்டையைச் செருமினார். "சத்தத்துலயே தெரியும். துறையில வேலை பார்த்தவனுக்குக் காதுதான் கண்ணு."

 அன்றிலிருந்து அவர் எதிரில் கையை ஆட்டிப் பார்க்கும் பழக்கம் பிரேம்நாத்துக்கு வந்தது. அய்யாசாமியும் இமை கொட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

மழை பலமாகப் பிடித்த பிறகுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. நடக்கும்போது நீலாம்பாள் அவரைக் கூட்டிக்கொண்டு போகும் விதம் சரியில்லை. நடைபாதையில் மூடி இல்லாத சாக்கடை வாயை நோக்கி நேராகப் போனாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்தார்.

"என்னாச்சு?"

"கால் இடறிருச்சு."

"பார்த்து வாங்க. பின்னாலயே வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது."

அடுத்த நாள் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று. அதற்கடுத்து தெருநாய் ஒன்று, படுத்திருந்தது. அவள் அதன் வாலை மிதிக்க இருந்தாள். ஒவ்வொரு முறையும் அய்யாசாமிக்கு ஏதோ ஒரு பக்கம் கால் இடறியது. இடறி இடறியே அவளை நேர்வழியில் நடத்தினார். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண் தன் கண் தெரியாத கணவனைக் கூட்டிப் போவதாகத்தான் தெரிந்திருக்கும்.

முழுச் சங்கதியும் புரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பபேடானில் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பஸ் நெற்றியில் இருக்கும் பர்மிய எண்ணில் ஆறும் ஒன்பதும் ஒன்றைக் கவிழ்த்தால் இன்னொன்று. நல்ல கண்ணே சில சமயம் தடுமாறும். அவள் ஒரு பஸ்ஸை எட்டிப் பார்த்து, "நம்ம பஸ்தான், ஏறுங்க" என்றாள். அது அவர்கள் பஸ் இல்லை என்று அய்யாசாமிக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்தது என்று அவர் எப்படிச் சொல்வார்? ஏறினார்.

பஸ் ஊருக்குள் போகாமல் மேலே சுற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று. பழக்கமில்லாத கடைகள் வந்தன. பிறகு பாலம். கீழே பசுண்டாங் ஓடை சேற்று நிறத்தில் விரிந்து கிடந்தது, படகுகள் தெரிந்தன. அய்யாசாமி நேராக முன்னால் இருந்தவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து நல்லா வருதே" என்றாள் நீலாம்பாள். வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஆமாம். கோயில் பக்கத்துல என்னைக்கும் காத்துதான்" என்றார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். இடம் தாகேதா, ஓடைக்கு அக்கரை. எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. நீலாம்பாள் அதன் கீழேயே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு அங்கே வெற்றிலை விற்ற பெண்ணிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, இது எந்த இடம் என்று கேட்டாள். அய்யாசாமிக்கு அது கேட்டது.

திரும்பி வந்தவள் சொன்னாள்: "கோயில்ல இன்னைக்குக் கூட்டமாம். சும்மா காத்து வாங்கிட்டுப் போகலாம்."

"சரி" என்றார்.

இருவரும் ஒரு கடையில் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அய்யாசாமி முதன்முறையாக, கண் தெரியாதவர் என்ற உரிமையோடு, அவளை உற்றுப் பார்த்தார். இரண்டு கண்மணியிலும் பால் சிந்தியது போல வெளுப்பு. கண்ணாடியில் அவரே தன் கண்ணில் பார்த்துப் பயந்த அதே வெளுப்பு. அவள் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்தாள். பாதிச் சாறு மேசையில் விழுந்தது.

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் போயிற்று. அவள் கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும். சொன்னால் கேட்கமாட்டாள். அவருடைய அறுவைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் மயங்கி விழுந்தவள் அவள். "எனக்கெல்லாம் கண்ணுகிட்ட கத்தி வரக்கூடாது. எனக்கு என்ன, கழுகுக் கண்ணு" என்று அப்போதே சொல்லிவைத்திருந்தாள். உனக்குப் புரை விழுந்திருக்கிறது என்று அவர் சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

வழி கண் டாக்டரிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் பர்மியர். எல்லோரும் மரியாதையாக ஸயாமா என்று அழைப்பார்கள். அய்யாசாமியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்கே அலுத்துவிட்டது. கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எழுத்துப் பலகையைக் காட்டினால் முதல் வரியோடு சரி. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஏதேனும் தடை இருக்கலாம் என்று நினைத்து, தாகேதா பயணத்துக்கு முன்பே ஒரு சோதனைக்கு எழுதியிருந்தார்.

"தலைக்குப் பின்னால் கம்பி ஒட்டுவார்கள். நீங்கள் எதையும் படிக்க வேண்டாம், எதையும் சொல்ல வேண்டாம். திரையைப் பார்த்தால் போதும். எவ்வளவு தெரிகிறது என்று உங்கள் மூளையே சொல்லிவிடும்" என்றார் ஸயாமா.

 வாயை அய்யாசாமியால் அடக்க முடியும். மூக்கையும் முந்தானை துடைத்துவிடும். மூளையை எப்படி அடக்குவது? துறையில் கூட வேலை பார்த்த செல்லக்கண்ணுவிடம், டீக்கடையில், யாருக்கோ வந்த சந்தேகம் போல விசாரித்தார். செல்லக்கண்ணுவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. "வேற எதையாவது நெனச்சுக்கிட்டா போச்சு. மூளை என்ன ரெண்டு வேலையா பார்க்கும்?" என்றார்.

இரண்டு முறை சளி என்றும் ஒரு முறை மழை என்றும் சொல்லி அய்யாசாமி தள்ளிப்போட்டார். தாகேதா பயணத்துக்குப் பிறகு ஒருநாள் காலையில் தானாகவே எழுந்து, "அந்தச் சோதனைக்குப் போகலாம்" என்றார். "ஆனா ஒண்ணு. முதல்ல உனக்கு ஒட்டச் சொல்லு. வலிக்குதா இல்லையான்னு நீ சொன்னாத்தான் நான் உக்காருவேன்."

"எனக்கு எதுக்கு? என் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைல்ல? அப்புறம் என்ன பயம்? படிக்கச் சொல்லமாட்டாங்களாம்."

நீலாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லும் எந்த டாக்டரிடமும் அவள் போகமாட்டாள். வாயே திறக்க வேண்டாத சோதனையில் யார் என்ன கண்டுபிடிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி, சின்னப் பிள்ளை மாதிரி பயந்துக்கிட்டு" என்று கிளம்பினாள்.

பபேடானில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்த அறை. கம்பி ஒட்டும் பெண்ணின் சட்டையில், பர்மிய வழக்கப்படி, மா பூர்ணா என்று எழுதியிருந்தது. கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள், பேசியதெல்லாம் பர்மி. அய்யாசாமியை மாமா முறையில் ஊலே என்றாள், நீலாம்பாளை அத்தை முறையில் டோலே என்றாள். அய்யாசாமியின் நிபந்தனையைக் கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கு வேறு யாரும் காத்திருக்கவில்லை. டோலே முதலில் உட்காரட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

நீலாம்பாளின் கொண்டையை அவிழ்த்து, நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் குறி வைத்தாள். குறி வைத்த இடத்தை மணல் மாதிரி நெறுநெறுக்கும் பசையால் துடைத்து, சின்னக் கிண்ணம் போன்ற தகடுகளை ஒட்டினாள். பின்மண்டையில் ஒன்று, நெற்றியில் ஒன்று, காதில் ஒன்று.

"வலிக்குதா?" என்று அய்யாசாமி தமிழில் கேட்டார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

விளக்கை அணைத்தார்கள். திரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய கட்டங்கள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இடம் மாறி மாறிக் குதித்தன.

"உங்க கைலிக் கட்டம் மாதிரி இருக்குங்க" என்றாள் நீலாம்பாள். "ஓயாமக் குதிக்குது. வேடிக்கையாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துப் பூர்ணா கட்டங்களைச் சிறிதாக்கினாள். பிறகு இன்னும் சிறிதாக்கினாள். மூலை நாற்காலியில் இருந்த அய்யாசாமிக்கு, திரை முழுவதும் எள்ளைக் கொட்டி உலுக்கினாற்போலக் கட்டங்கள் துள்ளுவது நன்றாகத் தெரிந்தது.

"இப்ப கட்டத்தை எடுத்துட்டாங்க போல" என்றாள் நீலாம்பாள். "சும்மா சாம்பல் துணியைக் காட்டுறாங்க. முடிஞ்சிருச்சா?"

அய்யாசாமி திரையை விட்டு அவளைப் பார்த்தார். 

பூர்ணா கணினியைப் பார்த்தாள். கம்பியைச் சரிபார்த்து மறுபடியும் ஓட்டினாள். பிறகு பர்மியில் மெதுவாகச் சொன்னாள்: "டோலே, கட்டம் குதிக்கும்போதெல்லாம் மூளையும் கூடவே ஒரு சின்னக் குதி குதிக்கும். பெரிய கட்டத்துக்கு உங்கள் மூளை குதிக்கிறது. சின்னக் கட்டம் வந்தால் சும்மா இருக்கிறது. அது உள்ளே போய்ச் சேரவே இல்லை. இரண்டு கண்ணிலும் அப்படித்தான். இன்றைக்கே ஸயாமாவிடம் காட்டிவிடலாம்."

 நீலாம்பாள் தலையில் கம்பியோடு எழுந்திருக்கப் பார்த்தாள். "அவருக்குப் பாருங்க. அவருக்குத்தானே வந்தோம்."

கம்பிகளைக் கழற்றி அய்யாசாமியின் வழுக்கையில் ஒட்டினார்கள். அங்கே ஒட்டுவது சுலபமாக இருந்தது. திட்டப்படி அவர் முதலில் வேறு எதையாவது நினைத்தார். கருவாட்டுக் குழம்பை நினைத்தார். துறையில் கயிறு அறுந்த நாளை நினைத்தார். பூர்ணா கணினியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணுவின் யோசனை வேலை செய்யவில்லை என்று தெரிந்து அவர் கண்ணைச் சொருகிப் பார்த்தார்.

"ஊலே, கண்ணைச் சொருகாதீர்கள். சிவப்புப் புள்ளியைப் பாருங்கள்."

மோட்டு வளையைப் பார்த்தார்.

"ஊலே, புள்ளி கீழே இருக்கிறது."

அப்போது நீலாம்பாள் இருட்டில், யாரிடம் என்றில்லாமல், தமிழில் பேசினாள். "எனக்கு எப்படியோ போகட்டும். நான் எப்படிக் கட்டுப்போட்டுக்கிட்டுப் படுக்கிறது? அப்புறம் இவரை யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா? இவருக்குச் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

 அய்யாசாமி நிமிர்ந்து உட்கார்ந்து சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். சோதனை முடியும்வரை வேறெங்கும் பார்க்கவில்லை. கட்டங்கள் சிறிதாகிக்கொண்டே போயின. எள்ளாகி, அதைவிடப் பொடியாகி, திரையில் துள்ளிக்கொண்டே இருந்தன. அவருடைய மூளையும் ஒவ்வொன்றுக்கும் விசுவாசமாகக் குதித்துச் சாட்சி சொல்லிவிட்டது.

"ஊலே" என்றாள் பூர்ணா. கணினியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்கள் நரம்பு நன்றாக இருக்கிறது. மூளையும் நன்றாக இருக்கிறது. இவ்வளவு பொடிக் கட்டம் இந்த வயதில் நிறையப் பேருக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. கீழே ஜெனரேட்டரைக் கிளப்ப யாரோ போகும் காலடிச் சத்தம் கேட்டது. அறை கும்மிருட்டு.

"எப்பருந்து?" என்று நீலாம்பாளின் குரல் வந்தது.

அய்யாசாமி தொண்டையைச் செருமினார். "கட்டு அவுத்த அன்னைலருந்து."

"தாகேதா போனப்ப?"

"தெரிஞ்சது."

"பாலத்துல?"

"ஓடை தெரிஞ்சது. படகு தெரிஞ்சது."

"கோயில் பக்கத்துல என்னைக்கும் காத்துதான்னு சொன்னீங்களே."

"நீ கோயில்ல கூட்டம்னு சொன்னியே."

 அவள் தொடங்கினாள். "மழைக்காலம் பூரா மீன்ல முள்ளு எடுத்துப் போட்டேன். விரலால தடவித் தடவி எடுத்தேன்."

"பாதிதான் எடுத்த. மிச்சத்தை நான் வாயிலருந்து எடுத்து வேட்டி மடிப்புல வச்சுக்கிட்டேன்."

"அதான் துவைக்கிறப்ப கையில குத்துச்சா?" அவள் குரல் உயர்ந்தது. "எதுக்குங்க இந்தப் பொய்யி? கண்ணு தெரியுற மனுசன் எதுக்கு இப்படி ரோடு ரோடா என்னை இழுத்துக்கிட்டு அலையணும்?"

"யாரு யாரை இழுத்தது? சாக்கடையில விழாம உன்னைக் காப்பாத்தினது யாரு?"

"அதான் கேக்குறேன். எதுக்கு?"

அய்யாசாமிக்கு மூக்கு வியர்க்கவில்லை. ஆனால் சொல்வது பொய் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது. இருட்டு இல்லாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டார்.

"கட்டு அவுத்த அன்னைக்கு நீ கையை எடுத்துக்கிட்ட" என்றார். "அதான்."

 பதில் வேறு யாரிடமிருந்தோ வந்தது, தடுமாறிய தமிழில். "ரெண்டு பேரும் சண்டை போடுங்க, பரவாயில்ல. ஊலே தலை மட்டும் ஆட்டாதீங்க. கம்பி வந்துரும்."

பூர்ணாவின் அப்பா தமிழர் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது அய்யாசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலாம்பாள் அவிழ்ந்த கூந்தலும் அதில் காய்ந்த பசையுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூர்ணா மட்டும் தாராளமாக இருவரையும் பார்த்தாள்.

மாடிப்படி இறங்கும்போது நீலாம்பாள் முதல் படியில் நின்றாள். "பிடிக்கணும்னா பிடிங்க" என்றாள். "கேட்டுப் பிடிங்க. இனிமே கதையெல்லாம் கட்டக்கூடாது."

"சரி. பிடிக்கவா?" என்றார் அய்யாசாமி, நல்ல பிள்ளையாக.

"இது என்ன கேள்வி, படி தெரியல எனக்கு" என்றாள் அவள்.

ஸயாமா நீலாம்பாளின் கண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு முற்றிய புரையை வைத்துக்கொண்டு எப்படி ஒருவரைத் தெருவில் கூட்டிக்கொண்டு அலைந்தீர்கள் என்று கேட்டார். பிறகு அய்யாசாமியின் பக்கம் திரும்பினார். பூர்ணா ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஸயாமா அவரைக் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் பலகையின் கடைசி வரியைப் படிக்கவைத்தார். அவர் படித்தார். அச்சகத்தின் பெயர் அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்துக் காட்டினார். அந்தப் பெருமையை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை.

அறுவைக்கு நீலாம்பாளைச் சம்மதிக்கவைப்பது லேசாக இல்லை. தீபாவளி கழியட்டும் என்றாள், பனி வரட்டும் என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்: கண் ஆறும்வரை கடை மூடக்கூடாது, பயாஜோ அவர்தான் போட வேண்டும். அய்யாசாமி சந்து முனையில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் வடை வெளியே கரிந்தும் உள்ளே மாவாகவும் இருந்தது. வழக்கமாக வாங்கும் பர்மியக் கிழவர் ஒருவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, கண் தெரியாமல் போட்டதற்கு இது மோசமில்லை என்று ஆறுதல் சொன்னார். கண் தெரியும் என்று சொல்ல அய்யாசாமிக்கு வாய் வரவில்லை. தெருவில் செய்தி இன்னும் முழுவதும் பரவியிருக்கவில்லை.

அதைப் பிரேம்நாத் பார்த்துக்கொண்டான். இரண்டே நாளில் அலோன் முழுக்கத் தெரிந்துவிட்டது. "ஆஃப்சைடு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்று அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

நீலாம்பாளின் கண்கள் நன்றாக ஆறின. கட்டைப் பிரித்ததும் அவள் கணவனின் முகத்தைப் பார்த்து உருகவில்லை. வீட்டுக்கு வந்து அடுக்களைச் சுவரைத்தான் பார்த்தாள். "இவ்வளவு புகையோடயா நான் குடித்தனம் நடத்திக்கிட்டிருந்தேன்? வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க கண்ணு தெரிஞ்சு இருந்தீங்களே, ஒருத்தராவது சொன்னீங்களா?" அப்பாவும் மகனும் ஏணி போட்டுச் சுவர் கழுவினார்கள். கழுவாத மூலையை அவள் வாசலில் நின்றே காட்டினாள்.

மாலை நடை இப்போதும் உண்டு. சில நாள் அவர் கேட்கிறார், சில நாள் அவள் சும்மா கையை நீட்டுகிறாள். எதிரே தெரிந்தவர்கள் வந்தால் இருவரும் சட்டென்று விட்டுவிடுகிறார்கள்.

அய்யாசாமிக்கு டீக்கடையில் மரியாதை கூடியிருக்கிறது. தன் மூளையைச் சோதித்த கதையை யார் கேட்டாலும் சொல்கிறார். "நல்ல மூளைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க" என்று அவர் சொல்லும்போது, வடைக் கூடையோடு அந்தப் பக்கம் வரும் நீலாம்பாள், "இருக்குன்னு சொன்னாங்க. அது போதும்னு விட்டுட்டாங்க" என்று திருத்திவிட்டுப் போவாள்.

போன வாரம் செல்லக்கண்ணு அவரைத் தனியாக அழைத்தார். செல்லக்கண்ணுவுக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். அவர் மனைவி எதைச் சொன்னாலும் மூன்று முறை சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னால் நான்கு முறை.

"அந்தக் கம்பி ஒட்டுற பொண்ணு இருக்கே" என்றார் செல்லக்கண்ணு, குரலைத் தாழ்த்தி. "காதுக்கும் அப்படி ஏதாவது வச்சிருக்காங்களா?"

"இருக்காம். கேட்டுட்டேன். காதுல டக்கு டக்குன்னு சத்தம் குடுப்பாங்களாம். நீ தூங்கிட்டிருந்தாக்கூட மூளை சொல்லிடுமாம்" என்றார் அய்யாசாமி, அதே தாழ்ந்த குரலில்.

செல்லக்கண்ணுவுக்கு அது முதல் தடவையிலேயே கேட்டது. டீயைக் குடித்து முடித்து, கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். வீட்டில் மீன் வாங்கி வரச் சொன்னார்கள் என்று மார்க்கெட் பக்கம் நடந்தார்.